வருமானக் கட்டத்துள் அடங்காத பிள்ளைகள்

"உங்கள் குடும்பத்தின் மாத வருமானம் எவ்வளவு?"

இக்கேள்வி இல்லாத படிவம் எதுவும் வன்னிக்கு வந்ததில்லை எனலாம். நெடுங்கேணிப் பகுதியில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு தாய்க்கு நிவாரணப் படிவம் நிரப்பிக் கொடுத்தபோது நானும் இக்கேள்வியை வாசித்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எந்த மாதத்தைக் கேக்கிறியள், பாதர்? மாசியிலையோ, ஐப்பசியிலையோ?" என்றார்.

கமக்காரர் எவருக்கும் அந்தச் சிரிப்பின் பொருள் விளங்கும். மாசியில் நெல்லு வெட்டியதும் கையில் காசு. ஐப்பசியில் விதைநெல்லுக்கும் உழவுக்கும் கடன். இரண்டுக்கும் இடையில் உழுந்தும் கச்சானும் பாலும் கூலி வேலையும் தருவதே சீவியம். நாங்கள் இருவரும் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பன்னிரண்டால் பிரித்து ஓர் எண்ணை எழுதினோம். எந்த மாதத்துக்கும் பொருந்தாத எண் அது.

அன்று ஒரு புதன்கிழமை. மூத்த பெண்பிள்ளை முற்றத்தில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பாடசாலை நடக்கும் நேரம். ஏன் போகவில்லை என்று கேட்டபோது அவள் பதில் சொல்லாமல் தன் கால்களைப் பார்த்தாள். சப்பாத்து கிழிந்து இரண்டு கிழமை என்று தாய் சொன்னார். அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டமும் இருக்கவில்லை.

வீட்டுக்குள் எவ்வளவு காசு வருகிறது என்பதை வருமானம் சொல்லும். அதில் எவ்வளவு பிள்ளையிடம் போய்ச் சேருகிறது என்பதை அது சொல்லாது. மற்றப் பிள்ளைகளோடு ஒரு பிள்ளையாக அது நிற்கிறதா, ஒதுங்கி நிற்கிறதா என்பதையும் அது சொல்லாது. பிள்ளையின் குறையை அளப்பதற்கு வேறு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை நாமே எடுக்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லைக்கோட்டின் இருபுறமும்

முதலில் ஒரு புள்ளிவிபரத்தைப் பார்ப்போம். அரசாங்கத்தின் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீட்டு வருமான, செலவினக் கணிப்பீட்டை நடத்துகிறது. யுத்தம் முடிந்த பின் 2012/13இல் நடந்த கணிப்பீட்டில் முல்லைத்தீவு மாவட்டத்தில் நூற்றுக்கு 28.8 பேர் வறியவர் என்று கண்டார்கள். நாட்டிலேயே மிக உயர்ந்த வீதம் அது. அதே கணிப்பீட்டில் வவுனியா மாவட்டத்தின் வீதம் 3.4 மட்டுமே. 2016இல் வவுனியாவின் வீதம் 2.0 ஆகக் குறைந்தது.

நெடுங்கேணி எந்த மாவட்டம்? வவுனியா. ஆனால் நெடுங்கேணியிலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் போனால் மாவட்ட எல்லை தெரியாமலே முல்லைத்தீவுக்குள் நுழைந்து விடுவோம். இருபுறமும் அதே காடு, அதே யானை, அதே மானாவாரி வயல். 2008, 2009ஆம் ஆண்டுகளில் இருபுறத்து மக்களும் அதே தறப்பாளின் கீழ் இருந்தவர்கள். செட்டிகுளம் மெனிக் பாமில் ஒரே தண்ணீர் வரிசையில் நின்றவர்கள். அம்முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. வீடு திரும்பியதும் ஒருவர் மிக வறிய மாவட்டத்தவர் ஆனார், மற்றவர் வறுமை குறைந்த மாவட்டத்தவர் ஆனார்.

இது எவ்வாறு நேர்ந்தது? வவுனியா நகரத்தின் கடைகளும் சம்பளங்களும் மாவட்டத்தின் சராசரியை உயர்த்திவிட்டன. குளம் சராசரியாக மூன்றடி ஆழம் என்று சொன்னால் அதை நம்பி மாட்டை இறக்குவோமா? சராசரி என்பது ஆழமான இடத்தையும் வற்றிய இடத்தையும் ஒன்றாகக் கலந்து சொல்லும் கணக்கு. வவுனியா வடக்கின் பிள்ளைகள் அந்த 2.0க்குள் மறைந்து போகிறார்கள்.

ஒரே வருமானம், இரண்டு பிள்ளைகள்

மாவட்டத்துக்குப் பொருந்துவது வீட்டுக்கும் பொருந்தும். ஒரு கிராமத்தில் இரண்டு குடும்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் வருமானம் ஒன்றே.

முதல் வீட்டில் தாயும் தகப்பனும் உண்டு. கிணறு உண்டு. காணிக்கு அனுமதிப்பத்திரம் உண்டு. பாடசாலை அரைக் கட்டைத் தூரம். பிள்ளை நாள்தோறும் போகிறது.

இரண்டாவது வீட்டில் தகப்பன் யுத்தத்தில் இல்லாமற் போனவர். தாய் மத்திய கிழக்கில் வேலை செய்கிறார். அவர் அனுப்பும் காசு வருமானமாகக் கணக்கில் வருகிறது. ஆனால் பிள்ளையைப் பார்ப்பது கண் மங்கிய அம்மம்மா. தண்ணீர் எடுக்க நெடுந்தூரம் போகவேண்டும். யானை நிற்கும் பாதையால் தனியே நடக்கப் பயந்து பிள்ளை கிழமையில் இரண்டு நாள் பாடசாலைக்குப் போவதில்லை. அம்மம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, ஆகவே ஆசிரியர் அனுப்பும் கடிதங்கள் புத்தகப்பைக்குள்ளேயே கிடக்கின்றன.

வருமானப் படிவத்தில் இவ்விரு வீடுகளும் ஒன்று. பிள்ளைகளின் வாழ்க்கையில் இவை வெவ்வேறு உலகங்கள்.

காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். வருமானம் விழும், பின்பு எழும். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டபோது விளைச்சல் விழுந்தது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப்பொருள் விலை ஓராண்டில் 94.9 வீதம் ஏறியிருந்தது. பின்வந்த போகங்களில் கமக்காரர் ஓரளவு தலை நிமிர்ந்திருக்கலாம். ஆனால் அந்த ஆண்டில் வயிற்றில் இருந்த பிள்ளைக்கும், தவழ்ந்து திரிந்த பிள்ளைக்கும் அந்தப் பசி உடம்பில் எழுதப்பட்டுவிட்டது. கருவுற்ற நாள் முதல் இரண்டு வயது வரையான ஏறக்குறைய 1,000 நாட்களில் மூளையும் உயரமும் இழந்ததை அடுத்த மாசி அறுவடை முழுமையாக மீட்டுத் தராது. கிளினிக் அட்டையில் கீழே சரிந்த நிறைக்கோடு, வருமானப் படிவத்தை விட உண்மையான சாட்சி.

உலகம் மெல்லக் கற்ற பாடம்

இந்த எண்ணம் நமக்கு மட்டும் உரியதல்ல. அறிஞர் பலர் இதே வழியால் வந்திருக்கிறார்கள். பொருளியலின் தந்தை எனப்படும் அடம் சிமித் 1776இலேயே ஒன்றைக் குறிப்பிட்டார். தம் காலத்து நாட்கூலித் தொழிலாளி லினன் சட்டை இல்லாமல் வெளியே வர வெட்கப்படுவான், ஆகவே அச்சட்டையும் வாழ்க்கையின் அவசியப் பொருளே என்பது அவர் வாதம். முற்றத்தில் தன் காலைப் பார்த்து நின்ற பிள்ளை அதையே சொல்லாமல் சொன்னாள்.

பிரித்தானியாவின் பீற்றர் ரவுண்சென்ட் 1979இல் வெளியிட்ட பெரும் ஆய்வில், தான் வாழும் சமூகத்தின் வழமையான வாழ்வில் பங்குகொள்ள முடியாத நிலையே வறுமை என்றார். உணவையும் உடையையும் மட்டும் அவர் கேட்கவில்லை. பிள்ளையின் சிநேகிதர் வீட்டுக்கு விளையாட வந்தார்களா, பிறந்தநாள் கொண்டாடப்பட்டதா என்றும் கேட்டார்.

வங்காளத்தில் பிறந்த அமர்த்தியா சென் இலங்கையையே எடுத்துக்காட்டாகக் காட்டினார். இலங்கை செல்வந்த நாடு அல்ல. ஆயினும் 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியும், இலவச வைத்தியமும், அரிசிப் பங்கீடும் மக்களின் ஆயுளையும் எழுத்தறிவையும் வருமானத்துக்கு மிஞ்சி உயர்த்தின. ஒருவரிடம் என்ன இருக்கிறது என்பதோடு, அவரால் என்ன செய்ய முடிகிறது, எவ்வாறு வாழ முடிகிறது என்றும் கேட்கவேண்டும் என்பதே அவர் போதித்தது.

ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயம் 1989இல் நிறைவேறியது. இலங்கை 1991இல் அதை ஏற்றுக்கொண்டது. அதன் 27ஆம் உறுப்புரை, பிள்ளையின் உடல், உள, ஆன்மீக, ஒழுக்க, சமூக வளர்ச்சிக்குப் போதுமான வாழ்க்கைத் தரம் பிள்ளையின் உரிமை என்கிறது.

2010இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையமும் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் பல்பரிமாண வறுமைச் சுட்டெண்ணை வெளியிட்டன. சபீனா அல்கயர், ஜேம்ஸ் பொஸ்டர் என்போர் வகுத்த கணக்குமுறை அது. சுகாதாரம், கல்வி, வாழ்க்கைத்தரம் ஆகியவற்றில் பத்துக் குறைகளை எண்ணி, மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இழந்தவரை வறியவர் என்று கொள்கிறார்கள்.

இலங்கையும் 2019ஆம் ஆண்டின் கணிப்பீட்டைக் கொண்டு இவ்வாறு கணக்கிட்டது. பணத்தால் அளந்தபோது நூற்றுக்கு 14.3 பேர் வறியவர். பல குறைகளையும் சேர்த்து எண்ணியபோது நூற்றுக்கு 16 பேர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, அவர்களின் போசாக்கையும் முன்பிள்ளைப் பருவ விருத்தியையும் சேர்த்துத் தனியாக எண்ணினார்கள். அப்போது நூற்றுக்கு 42 பேர் வறியவர் என்று தெரியவந்தது. பெரியவர்களின் கணக்குக்குள் இத்தனை பிள்ளைகள் மறைந்திருந்தார்கள்.

அஸ்வெசும சொல்வதும் சொல்லாததும்

2023இல் சமுர்த்தி உதவிப்பணத்துக்குப் பதிலாக அஸ்வெசும வந்தது. இதில் வருமானத்தை மட்டும் கேட்பதில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்னும் ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களைத் தரம் பிரிக்கிறார்கள். வருமானம் மட்டும் போதாது என்று அரசாங்கமே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது. நல்ல மாற்றமே.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. அஸ்வெசும எண்ணுவது குடும்பத்தை. ஒரே வீட்டில் மகன் பாடசாலைக்குப் போக மகள் தம்பியைப் பார்த்து நிற்பதை அது காணாது. மாற்றுவலுவுள்ள பிள்ளை உள்ளறையில் நாளெல்லாம் கிடப்பதைக் காணாது. உதவிப்பணம் குறைந்தால் மேன்முறையீடு செய்வது உங்கள் உரிமை, அதைச் செய்யுங்கள். ஆனால் பணம் கிடைத்துவிட்டால் பிள்ளையின் குறை தீர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள்.

நாமே தள்ளி வைக்கும் பிள்ளைகள்

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். ஆயினும் சொல்லாமல் விட முடியாது.

வறுமைக்கு யுத்தம் காரணம், அரசு காரணம், மழை காரணம் என்போம். அவற்றில் உண்மை உண்டு. ஆனால் ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகளிடமிருந்து பிரித்து வைப்பதற்கு யுத்தமும் மழையும் தேவையில்லை. நம் நாக்கே போதும்.

1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து உயிர் தப்பி வந்த குடும்பங்களைக் காந்தீயம் அமைப்பு வவுனியா, முல்லைத்தீவு எல்லைப்புறங்களில் குடியேற்றியது. கென்ற் பாம், டொலர் பாம் ஆகியவற்றில் வாழ்ந்தோர் 1984இல் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பலர் வன்னிக்குள்ளேயே மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தார்கள். காடு வெட்டினார்கள், வயல் செய்தார்கள், நம்மோடு பங்கரில் இருந்தார்கள். நாற்பது ஆண்டுகள் கடந்தும் அவர்களின் பேரப்பிள்ளையை "தோட்டக்காட்டார்" என்று வகுப்பில் அழைக்கும் பிள்ளை அந்தச் சொல்லை எங்கிருந்து கற்றது? நம் வீட்டுத் திண்ணையிலிருந்துதான்.

சாதியும் அவ்வாறே. தறப்பாள் கொட்டிலில் அது ஒளிந்திருந்தது. கல்வீடு எழும்பியதும் மீண்டும் எழும்பியது. கோயில் உபயத்திலும், தண்ணீர் அள்ளுவதிலும், பிள்ளைகள் யாருடைய வீட்டில் சாப்பிடலாம் என்பதிலும் அதைக் காண்கிறோம். தகப்பன் இயக்கத்தில் இருந்தவர், தாய் மறுமணம் செய்தவர், அண்ணன் குடிக்கு அடிமையானவர் என்று பெரியவர்களின் கதைகளைப் பிள்ளையின் முதுகில் ஏற்றுகிறோம்.

பாடசாலையிலும் இது நடக்கும். கட்டணம் கட்டாத பிள்ளைகளை ஒரு பாடசாலையில் காலைக் கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொன்னார்கள் என்று பெற்றோர் என்னிடம் வந்து அழுதார்கள். பாடநூலும் சீருடையும் இலவசம். ஆனால் வெட்கத்துக்கு ஒரு விலை உண்டு. சுற்றுலாவுக்கு வராத பிள்ளை, குழுப்படத்தில் இல்லாத பிள்ளை, பதில் தெரிந்தும் கை உயர்த்தாத பிள்ளை ஆகியோர் மெல்ல மெல்லப் பின்வாங்கி ஒரு நாள் வராமலே விடுகிறார்கள். இடைவிலகல் என்று அதற்குப் பெயர் வைக்கிறோம். அந்தப் பிள்ளை விலகியதா, விலக்கப்பட்டதா?

இந்தக் குறையைத் தீர்க்கக் கொழும்பிலிருந்து பணம் வரத் தேவையில்லை.

பிள்ளைக் கணக்கு

மாதர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ ஒரு பிற்பகலில் இக்கணக்கைத் தொடங்கலாம். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். பாடசாலை வயதுப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால் மூன்று பக்கங்கள். கேட்கவேண்டிய பன்னிரண்டு கேள்விகள் இவை:

1. நேற்று மூன்று வேளை சாப்பிட்டதா? அதில் பருப்பு, மீன், முட்டை, பால் ஏதாவது ஒன்று இருந்ததா?
2. கடைசியாக நோய் வந்தபோது வைத்தியம் கிடைத்ததா?
3. நல்ல குடிநீர் வீட்டுக்கு அருகில் உண்டா?
4. வீட்டில் மலசலகூடம் உண்டா?
5. கடந்த மாதம் ஐந்து நாட்களுக்கு மேல் தவறாமல் பாடசாலைக்குப் போனதா?
6. தன் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைத் தடையின்றி வாசிக்குமா?
7. இரவில் படிக்க வெளிச்சமும் இடமும் உண்டா?
8. காலுக்குப் பொருந்திய சப்பாத்தும் மாற்றுச் சீருடையும் உண்டா?
9. பிறப்புச் சாட்சிப்பத்திரம் கையில் உண்டா?
10. பாடசாலை நேரத்தில் கூலி வேலையோ வீட்டு வேலையோ செய்யாமல் இருக்கிறதா?
11. இரவில் நம்பிக்கையான பெரியவர் ஒருவர் கூட இருக்கிறாரா?
12. கடந்த மாதம் வேறு வீட்டுப் பிள்ளை இதனோடு விளையாட வந்ததா, அல்லது இது போனதா?

"இல்லை" என்ற பதில்களை எண்ணுங்கள். நான்கோ அதற்கு மேலோ இருந்தால் அந்தப் பிள்ளை பின்தள்ளப்பட்ட பிள்ளை. ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கிளினிக் அட்டையையும் முன்பள்ளியையும் வைத்துத் தனியாகப் பாருங்கள். குடும்பநல உத்தியோகத்தர் உதவுவார்.

கிராமத்தின் கணக்கை இவ்வாறு போடலாம். 20 பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களில் 8 பேருக்கு நான்கோ அதற்கு மேலோ "இல்லை" என்று கொள்வோம். அது நூற்றுக்கு 40. அந்த எட்டுப் பேரும் சராசரியாக 6 குறை உடையவர்கள் என்றால், பன்னிரண்டில் பாதி. 40இல் பாதி 20. இதுவே உங்கள் கிராமத்தின் சுட்டெண். அடுத்த ஆண்டு ஒரு கிணறு வெட்டி, பிறப்புப் பத்திரங்களும் எடுத்தபின், அதே எட்டுப் பேரும் இன்னும் நான்கோ அதற்கு மேலோ குறைகளோடு நிற்கலாம். ஆனால் சராசரி நாலரையாக இறங்கியிருந்தால் சுட்டெண் 15 ஆகிறது. தலைகளை மட்டும் எண்ணியிருந்தால் ஒன்றும் மாறவில்லை என்று மனம் சோர்ந்திருப்போம். குறையின் ஆழத்தையும் அளந்தபடியால் உழைப்பின் பலன் தெரிகிறது. உலக அறிஞர் செய்யும் கணக்கும் அடிப்படையில் இதுவே.

ஒவ்வொரு "இல்லை"யும் ஒரு கதவைக் காட்டும். பிறப்புப் பத்திரமும் சிறுவர் உரிமையும் என்றால் பிரதேச செயலகம். அங்கே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். வாசிப்பு என்றால் அதிபர். பிள்ளைக்குத் தீங்கு நேர்கிறது என்று தெரிந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். எட்டாம் கேள்விக்கும் பன்னிரண்டாம் கேள்விக்கும் அலுவலகம் தேவையில்லை. அடுத்த வீடு போதும்.

மூன்று எச்சரிக்கைகள் சொல்லவேண்டும். முதலாவது, பெயர்கள் வெளியே போகக்கூடாது. கூட்டத்தில் மொத்த எண்களை மட்டும் வாசியுங்கள். உதவுவதற்கு எடுத்த கணக்கு வெட்கப்படுத்தும் கணக்காக மாறலாகாது. இரண்டாவது, பெரியவரை மட்டும் கேட்டு எழுதாதீர்கள். பிள்ளையையும் கேளுங்கள், பெண்பிள்ளையைப் பெண் ஒருவர் கேட்கட்டும். மூன்றாவது, வெளியே தெரியாத பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள். ஊரின் ஓரத்து வீடு, பத்திரமில்லாக் காணியில் இருக்கும் வீடு, மாற்றுவலுவுள்ள பிள்ளை இருக்கும் வீடு ஆகியவை கொப்பியின் முதற் பக்கங்களாக இருக்கட்டும்.

அன்புக்குரியவர்களே, ஓர் ஆட்டுக்குட்டி பட்டிக்குத் திரும்பாவிட்டால் நாம் இரவிலும் விளக்கோடு தேடிப் போகிறோம். எத்தனை நின்றது, எத்தனை குறைந்தது என்று நமக்குத் தெரியும், ஏனெனில் நாள்தோறும் எண்ணுகிறோம். 2008, 2009ஆம் ஆண்டுகளில் தறப்பாளின் கீழ்ப் பிறந்த பிள்ளைகள் இன்று பதின்ம வயதின் முடிவில் நிற்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் சாதாரண தரம் எழுதினார்கள், எத்தனை பேர் இடைவழியில் காணாமற் போனார்கள் என்று நம் கிராமங்களில் யாராவது கணக்கு வைத்திருக்கிறோமா?

அந்தப் புதன்கிழமை முற்றத்தில் நின்ற பிள்ளைக்குச் சப்பாத்து கிடைத்தது. வாங்கிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர். "சொல்லியிருந்தால் முன்னமே வாங்கித் தந்திருப்பனே" என்றார் அவர். இரண்டு கிழமையாக அந்தப் பிள்ளை அவர் படலையைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போய் வந்தாள்.

இம்முறை அறுவடை முடிந்து நெல்லை அளக்கும்போது, பிள்ளைகளையும் எண்ணத் தொடங்குங்கள்.